சொல்ல வராத நன்றி

தன் புருஷன் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து வயிறெரிகிற பெண்டாட்டியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்பக்காரி எரிந்தாள். ஒரு வருஷமாக, நாளொன்றுக்குப் பதினோரு தடவை.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலேயும் கீழேயும் ஏற்றி இறக்கியவன், இரண்டு சிறுநீரகமும் கைவிட்டதில் மூன்று வருஷம் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தான். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு சேர்த்துப் படுக்க வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான், அதற்கு மேல் ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு. காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைப்பாள் அப்பக்காரி. மாத்திரை விழுங்குகிற தண்ணீர், சாப்பாட்டில் இருக்கிற தண்ணீர், வாய் கொப்பளிக்கும்போது திருட்டுத்தனமாக விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். அவன் கெஞ்சுவான், திட்டுவான், ஒரு நாள் குளியலறையில் குழாயில் வாயை வைத்து மாட்டிக்கொண்டான். கையைப் பிடித்து இழுத்து வந்தவள் அவள்தான். "நீ மனுஷியா?" என்று கேட்டான். மனுஷியாக இருந்திருந்தால் அவன் அன்றைக்கே போயிருப்பான் என்பது அவளுக்குத் தெரியும்.

பிறகு அவன் தங்கை தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தாள். ஆபரேஷன் பலித்தது. இப்போது அவன் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து கடகடவென்று குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்து, "பாப்பா புண்ணியம்" என்பான். ஒவ்வொரு சொம்புக்கும் சொல்வான். மூன்று வருஷம் தண்ணீரைப் பிடுங்கியவள் பெண்டாட்டி, ஒரே நாளில் திருப்பிக் கொடுத்தவள் தங்கை. யார் பேர் விளங்கும், நீங்களே சொல்லுங்கள்.

பாப்பா என்றதும் தொட்டிலைத் தேடாதீர்கள். பாப்பாவுக்கு வயசு நாற்பத்தொன்று. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கம்பெனியில் காலர் வைக்கிறவள், கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டின் முன்னறையில் ஒரு தையல் மெஷினும் ஒரு கட்டிலுமாக இருக்கிறாள். நல்லவள், அதுதான் கொடுமை. குத்திக்காட்டுகிறவளாக இருந்தாலாவது ஒரு சண்டை போட்டுப் பாரத்தை இறக்கி வைக்கலாம். இவளோ அப்பக்காரியின் இரண்டு பெண்களுக்கும் சட்டை தைத்துப் போடுவாள், "அண்ணி, நீங்க உக்காருங்க" என்று பாத்திரத்தைக் கையிலிருந்து வாங்குவாள். பாத்திரத்தோடு சேர்ந்து தன் வீடே தன் கையைவிட்டுப் போவது போல இருக்கும் அப்பக்காரிக்கு.

அப்பக்காரி என்ற பேர் அவளுக்குத் தொழிலால் வந்தது. மாதா கோயில் பூசையில் கொடுக்கிற அப்பத்தைச் சுட்டுத் தருகிறவள் அவள். கோயிலுக்குப் பின்னால் இரண்டு சின்ன அறைகள். முதல் அறையில் அப்பம் சுடும் இரும்பு: கீலில் பிணைத்த இரண்டு கனமான தட்டுகள். கோதுமை மாவும் தண்ணீரும் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது; உப்பு கூடாது, சர்க்கரை கூடாது, எண்ணெய் கூடாது. கரைத்து ஊற்றி அழுத்தினால் காகிதம் மாதிரி ஒரு தகடு வரும். சுட்ட சூட்டோடு வெட்டினால் நொறுங்கிவிடும். அதனால் அடுத்த அறையில் ஈரத்துணிகளுக்கு நடுவே அடுக்கி ஒரு நாள் வைத்து, தகடு பதமானதும் வட்ட வட்டமாக வெட்டுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பாரம் தூக்கக் கூடாத பாப்பா, சனிக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தாள். போதாக்குறைக்கு இங்கேயும் வந்துவிட்டாள் என்று அப்பக்காரி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு உச்சகட்டம். பீடத்தில் குருவானவர் அப்பத்தை உயர்த்தி, உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற என் உடல் என்று இயேசுவின் சொல்லைச் சொல்லுவார். கோயில் மொத்தமும் தலை குனிந்திருக்கும். அவள் கணவன் மட்டும் தலையைத் திருப்பி, அந்தப் பக்கம் மண்டியிட்டிருக்கிற தங்கையைப் பார்ப்பான். கண் கலங்கியிருக்கும். நடுவில் மண்டியிட்டிருக்கிற பெண்டாட்டியின் தலைக்கு மேலாக அந்தப் பார்வை போகும். தான் சுட்ட அப்பத்தை வைத்துத் தன் புருஷன் இன்னொருத்திக்கு நன்றி சொல்வதை வாராவாரம் முழங்காலில் நின்று பார்த்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

அந்தப் பார்வையை முதல் தடவை பார்த்த அன்றிலிருந்து அவள் அப்பம் வாங்கப் போகவில்லை. மனசில் இத்தனை எரிச்சலை வைத்துக்கொண்டு கையை நீட்டக் கூடாது என்று அவளுக்குப் படிப்பித்திருந்தார்கள். அதில் மட்டும் அவள் நேர்மையானவள். எல்லோரும் வரிசையில் போக, அவள் உட்கார்ந்தே இருப்பாள். ஆயிரம் பேருக்கு அப்பம் சுடுகிறவள் வாயில் ஒன்றும் விழவில்லை. பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுகிற அம்மா, "அப்படி என்னதான் பாவம் பண்ணியிருப்பா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது இவள் காதிலேயே விழுந்தது. பெரிய பாவமாகத்தான் கற்பனை செய்திருந்தார்கள். இடுப்புச் சதையும் முழங்கால் வலியுமாக இருக்கிற தன்னைப் போய் அப்படி நினைக்கிறார்களே என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் பொறாமைக்கு அடியில் ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தங்கைக்கு முன்னால் பரிசோதனைக்குப் போனவள் அவள்தான். எல்லாம் பொருந்தியது. கடைசியில் டாக்டரம்மா மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "நீங்க குடுத்தே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. மனசு இல்லன்னா என்கிட்ட சொல்லுங்க. உடம்பு ஒத்துவரலன்னு நானே வெளியில சொல்லிடுறேன். அது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். சரி என்று சொல்லத்தான் அவள் உள்ளே போயிருந்தாள். மூன்று வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தை அது. வாயைத் திறந்தால், "மாட்டேன் டாக்டர்" என்று வந்தது. பிள்ளைகளைச் சாக்குச் சொல்லலாம். உண்மையில் அவளுக்குக் கத்தி என்றால் பயம், அவ்வளவுதான். டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. வெளியே வந்து, "இவங்களுக்குச் சர்க்கரை எல்லையில இருக்கு, எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி கேன்டீனில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்தாள். அதுதான் கடைசி. இல்லாத சர்க்கரை நோய்க்காக அன்றிலிருந்து கசப்பு டீ. வீட்டில் அவளுக்கென்று டீயைத் தனியாக எடுத்து வைத்து, "உங்களுது சர்க்கரை போடாதது அண்ணி" என்று கையில் கொடுக்கிறவள் வேறு யார், பாப்பாதான்.

ஆக, அவள் எழுந்து போன நாற்காலியில்தான் பாப்பா உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளுக்கு மாலை, மரியாதை, கண்ணீர். எழுந்து போனவளுக்கு மட்டுமே அந்த நாற்காலி முதலில் யாருக்குப் போட்டது என்று தெரியும். இதைவிட மோசமான பொறாமை உலகத்தில் இருக்கிறதா என்று அவள் பல நாள் யோசித்திருக்கிறாள்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆகிற ஞாயிற்றுக்கிழமைக்கு நன்றிப் பூசை கேட்டிருந்தான் கணவன். அதற்கு முந்தின ஞாயிறு மாலை அவள் குருவானவரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். இந்தத் தடவையும் வரிசையில் போகாமல் உட்கார்ந்திருந்தால் கணவனுக்கு அவமானம். ஜலதோஷம் பிடித்திருந்த குருவானவர் கைக்குட்டையோடு கேட்டுக்கொண்டிருந்தார். தான் எழுந்து போன அந்த நாற்காலி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இந்த ஒரு வருஷத்துல அந்தப் பொண்ணுக்கு ஒரு நன்றி சொன்னீங்களா?" என்று கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். சொல்லவில்லை. அவள் மட்டும்தான் சொல்லவில்லை.

"அதுதான் உங்களுக்குப் பரிகாரம். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிட்டு வந்து அப்பம் வாங்குங்க."

"அதுக்குப் பதிலா அம்பது ஜெபமாலை சொல்லட்டுமா ஃபாதர்?"

"பேரம் பேசாதீங்கம்மா" என்று சொல்லித் தும்மினார்.

ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஆறு நாள். முதல் நாளே முடித்துவிடலாம் என்று பாப்பாவின் அறை வாசலில் போய் நின்றாள். பாப்பா காலரில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள், உதட்டில் இன்னும் நாலு ஊசி. "என்ன அண்ணி?" என்று ஊசிகளுக்கு நடுவிலிருந்து கேட்டாள். "கரண்டு பில் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள் அப்பக்காரி. மறுநாள் காலையில் நேருக்கு நேராகப் பிடித்து, "பாப்பா, உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கணவன் சொம்பைக் கீழே வைத்து, "பாப்பா புண்ணியம்" என்றான். அவள் சட்டென்று பேச்சை மாற்றினாள். "சட்டை பின்னாடி கிழிஞ்சிருக்கு" என்றாள். கிழிந்திருக்கவில்லை. பாவம், பாப்பா அரை மணி நேரம் கண்ணாடியில் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதனும் வியாழனும் முயற்சிகூடச் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு காகிதத்தில் எழுதி மெஷினுக்கடியில் வைத்துவிடலாமா என்று பார்த்தாள். எழுதினதும் அது ஏதோ பால்காரனுக்கு எழுதின சீட்டு மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அப்ப அறையில் இருந்தார்கள். வெட்டின அப்பம் ஒரு டப்பா நிறைந்ததும், கொண்டுபோய்ப் பூசை உடுப்பு அறையில் வைத்துவிட்டு வருகிறேன் என்று பாப்பா போனாள். அப்பம் சுடும் இரும்பின் கீல் கிறீச்சிடுகிறது என்று வந்திருந்த கணவன், எண்ணெய்க் குப்பியோடு குனிந்திருந்தான்.

"நாளைக்காவது அப்பம் வாங்குவியா? எல்லாரும் என்னைக் கேக்குறாங்க" என்றான் நிமிராமல்.

"பாப்பாவுக்கு நன்றி சொல்லிட்டுத்தான் வாங்கணும். ஃபாதர் சொல்லியிருக்காரு."

"சொல்றதுதானே. நன்றி சொல்ல என்ன கஷ்டம்?"

ஆறு நாள் படாத பாடு பட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? அவளுக்குப் பொறுக்கவில்லை. நின்ற இடத்திலேயே கொட்டிவிட்டாள். டாக்டரம்மா கதவைச் சாத்தினது, கேட்டது, தான் மாட்டேன் என்றது, வெளியே வந்து சொன்ன பொய், எல்லாவற்றையும். சொல்லி முடித்தபோது கை இரண்டிலும் மாவு காய்ந்து வெடித்திருந்தது.

அவன் குப்பியைக் கீழே வைத்தான். "அப்போ உனக்குச் சர்க்கரை?"

"இல்ல."

"ஒரு வருஷமா சும்மாவா அந்தக் கசப்புத் தண்ணியைக் குடிச்ச?"

"ஆமா."

கோபம் வரும் என்று நின்றாள். அவன் சிரித்துவிட்டான். பிறகு முகம் மாறி, அவள் பக்கமாக வந்து நின்றான். "நானும் ஒண்ணு சொல்லட்டா? அன்னைக்கு நீ அந்த ரூமுக்குள்ள போனப்ப, இவ சரின்னு சொல்லிடக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டு வெளியில உக்காந்திருந்தேன். உன் மேல கத்தி படுறதை என்னால நினைச்சுக்கூடப் பாக்க முடியல. சர்க்கரைன்னு டாக்டர் சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. நான் போனாப் போறேன், நீ இருக்கணும்னு இருந்துச்சு."

அப்பக்காரிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஒரு வருஷத்து எரிச்சல் ஒரே மூச்சில் அடங்கியது. இத்தனை நாளும் தன் தலைக்கு மேலாகப் போன பார்வை இப்போது தன் மேலேயே நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். பொறாமைக்கு ஒரு வாய் போதாது, இன்னொரு வாய் கேட்கும். அவள் கேட்டாள்: "பாப்பா உள்ள போனப்ப?"

"பாப்பாவா?" அவன் உண்மையாகவே யோசித்தான். "அவ போனப்ப அப்படி ஒண்ணும் தோணல. தனி ஆளு. அவளுக்கென்ன, புருஷனா, பிள்ளையா? ஏதாவது ஒண்ணு ஆனாலும்..."

தகடுகளை ஈரத்துணியில் அடுக்கி வைக்கிற அடுத்த அறையின் கதவு திறந்தது. அந்த அறைக்குக் கோயில் பக்கம் இன்னொரு வாசல் உண்டு. டப்பாவை வைத்துவிட்டு அந்த வழியாக வந்த பாப்பா, இரண்டு கையிலும் தகடுகள் அடுக்கின தட்டோடு நின்றாள். முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"பதமா இருக்கு அண்ணி" என்றாள். "இப்ப வெட்டினாத்தான் சரியா வரும்."

அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்கு குடித்தான். யார் புண்ணியம் என்று சொல்லவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து வெட்டினார்கள். வெட்டுகிற கருவி டக் டக்கென்று விழுந்தது, அப்பங்கள் தட்டில் சேர்ந்தன. ஜெயித்துவிட்ட மகிழ்ச்சியை அப்பக்காரி தனக்குள் தேடினாள். அரை நிமிஷத்துக்கு முன்னால் இருந்தது. இப்போது கண்ணில் பட்டது பாப்பாவின் நரைத்த வகிடுதான். ஒரு வருஷமாக இவளைப் பார்த்தா எரிந்தேன் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"நன்றி பாப்பா" என்றாள். ஆறு நாள் வராத வார்த்தை, யாரும் பிடித்துத் தள்ளாமல் தானாக வந்தது.

பாப்பா கருவியை நிறுத்தவில்லை. "எதுக்கு அண்ணி?"

"அவரைப் பிழைக்க வச்சதுக்கு. நான் மாட்டேன்னு சொன்னதை நீ செஞ்சதுக்கு."

"என்கிட்டயும் டாக்டரம்மா கதவைச் சாத்திட்டுக் கேட்டாங்க. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு." டக் டக். "வெளியில அண்ணன் உக்காந்து எனக்காக அழுதுக்கிட்டு இருப்பாருன்னு நினைச்சேன். அதை நினைச்சுக்கிட்டுத்தான் சரின்னு சொன்னேன். தியேட்டருக்குள்ள படுத்திருந்தப்பவும் அதையேதான் நினைச்சேன்."

அப்பக்காரி அடுத்த தகட்டை எடுத்து வைத்தாள். அவர் அழுதார் என்று ஒரு பொய் சொல்லலாமா என்று நினைத்தாள். போதும், அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பொய் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. குருவானவர் ஜலதோஷம் விட்ட குரலில் பிரசங்கம் வைத்தார். தன் உடம்பைப் பிய்த்துப் பிறருக்குக் கொடுப்பதுதான் பலி, நம் நடுவிலேயே அப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்றார். எல்லாத் தலையும் பாப்பா பக்கம் திரும்பியது. பாப்பா மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பம் உயர்ந்தபோது அப்பக்காரியின் கணவன் எந்தப் பக்கமும் திரும்பவில்லை, எல்லோரையும் போலத் தலை குனிந்திருந்தான்.

வரிசை கிளம்பியது. அப்பக்காரி எழுந்தாள். கட்டைக் குரல் அம்மா பாட்டை விட்டுவிட்டு அவளையே பார்த்தது. பார்க்கட்டும். ஒரு வருஷத்துப் பசி அவளுக்கு. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, பரிகாரம் முடிந்தது, யாரும் அவளைத் தடுக்க முடியாது. கணவன் முன்னால் போனான், அவள் பின்னால். கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். தான் வெட்டின அப்பம் குருவானவர் கையில் வெள்ளையாக, ஓரம் பிசிறில்லாமல் இருப்பது கண்ணில் பட்டது.

இன்னும் மூன்று பேர்தான். பாப்பா பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். வரவில்லை. வாராவாரம் முதல் ஆளாக எழுந்திருக்கிறவள், காலியான நீள பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அப்பக்காரி ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தாளே, அதே இடம். கோயில் முழுக்க அவளைக் கடந்து நடந்துகொண்டிருந்தது.

இரண்டு பேர். ஒருவர். கணவன் வாங்கிக்கொண்டு விலகினான். குருவானவர் அப்பத்தை எடுத்து அவளுக்காக உயர்த்தினார், சிரித்த மாதிரி இருந்தது.

அப்பக்காரி கைகளைப் பிரித்துக் கீழே விட்டாள். அவருக்கு லேசாகத் தலை வணங்கிவிட்டு வரிசையை விட்டு விலகினாள். எதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, அத்தனை பேரும் பார்க்க, முழங்கால் வலியோடு பெஞ்சு வரைக்கும் நடந்து வந்து பாப்பாவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "என்ன அண்ணி, வாங்கலையா?"

"நீ வர்ற அன்னைக்கு வாங்கிக்கிறேன்" என்றாள் அப்பக்காரி.